மேற்கு இன்னும் வரவில்லை

எங்கள் ஊரில் அட்வான்ஸ் கொடுத்த வீடு, பத்திரம் பார்த்து முடிகிறவரை வக்கீல் ஆபீசில் வந்து காத்திருக்க வேண்டும். ஆள் மட்டும் போனால் டோக்கன் தரமாட்டார்கள். நான் வாங்கவிருந்த வீடு மார்கழி ஐந்தாம் தேதி காலையில் தன் காம்பவுண்டு சுவரை மடித்து இடுக்கிக்கொண்டு வந்து, வக்கீல் பொன்னுரங்கத்தின் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தது. டோக்கன் பதினாலு. அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அதை விற்கிற லோகிதாசன்.

நான் பழைய டயர் வியாபாரி. ஒன்பது வயதில் பஞ்சர் கடையில் காற்றடிக்கப் போனவன். படிப்பு கிடையாது, பேரம் தெரியும். பேரத்தில் ஒரே பாடம்தான். பொருள் பிடித்திருந்தால் முகத்தில் காட்டக்கூடாது, குறை சொல்ல வேண்டும். நல்ல டயரைத் தட்டிப் பார்த்து "செத்த டயர்" என்பேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கும் செண்பகத்தைப் பார்த்து "உயரம் பத்தலையே" என்றேன். அவள் அப்பா ஒரு கட்டில் கூடுதலாகத் தந்தார். அன்றிலிருந்து செண்பகம் நாலரை அடி. பரணில் எது எடுக்கவும் ஸ்டூல் வேண்டும்.

இந்த வீட்டையும் அப்படித்தான் பேசினேன். "சுவரா இது, அப்பளமா? அடுப்படி தீப்பெட்டி மாதிரி இருக்கு." லோகிதாசன் ஒரு லட்சம் இறங்கினார்.

நாங்கள் இருந்தது பதினோராவது வாடகை வீடு. தை முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். செண்பகம் பால் காய்ச்சப் புதுப் பாத்திரம் வாங்கி, ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் வைத்திருந்தாள்.

"தையை விட்டா சித்திரைதாங்க. மாசி, பங்குனியில பால் காய்ச்சக்கூடாது. நடுவுல ரெண்டு மாசம் எங்க போய் இருக்கிறது? பன்னெண்டாவது வாடகை வீட்டுக்கு என்னால மூட்டை கட்ட முடியாது, சொல்லிட்டேன்."

"இருபது நாள்ல முடிச்சிருவேன்" என்றேன்.

முதல் வாரம் வக்கீலைப் பார்க்க முடியவில்லை. குமாஸ்தா தேவசகாயம், "ஐயா கோர்ட்டுல இருக்காரு" என்றார். கோர்ட்டு பச்சைத் திரைக்குப் பின்னால்தான் இருந்தது. ஐயா அங்கே தும்முவது எங்களுக்குக் கேட்டது.

இரண்டாவது வாரம் தேவசகாயம் பத்திரத்தைப் பிரித்துக் காட்டினார்.

"நாலெல்லை போட்டிருக்குல்லா அண்ணாச்சி? நாலும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஐயா ஒப்பீனியன் எழுதுவாரு. வடக்கு அன்னிக்கே வந்துட்டு. தெற்கும் கிழக்கும் நேத்து வந்துச்சு. மேற்கு இன்னும் வரல."

"ஏன் வரல?"

"அது சாயங்காலந்தான் கிளம்பும். வந்து சேரும்போது ஆபீஸ் அடைச்சிருது."

எனக்கு யாரிடம் சண்டை போடுவது என்று தெரியவில்லை. தேவசகாயம் நல்ல மனுஷன். மேற்கை எனக்குப் பழக்கமில்லை. திரையைப் பார்த்துக் கத்தினேன். திரை ஆடியது. "ஐயா அடுத்த வாரம் வரச்சொல்றாங்க" என்றார் தேவசகாயம்.

கடையை விட்டுவிட்டுத் தினமும் போய் உட்கார்ந்தேன். சும்மா இருந்து பழக்கமில்லாததால் லோகிதாசனிடம் மேற்கொண்டு பேரம் பேசினேன். தாமதத்துக்கு ஏதாவது இறங்கக் கூடாதா?

"இந்த வராந்தாவில ஒரு ஆள் குறுக்க படுக்க முடியாது லோகிதாசன். ஹால்ல சோபா போட்டா மனுஷன் வெளிய நிக்கணும்."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க அண்ணாச்சி" என்று லோகிதாசன் ஐயாயிரம் இறங்கினார்.

வீடு எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது. தை பிறந்தபோது பெஞ்சில் இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் வந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கால் நீட்ட வசதியாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

தை இருபதாம் தேதி வேறு வழியில்லாமல் என் லோடு ஆட்டோவை அனுப்பி, மத்தியானமே மேற்கை ஏற்றிக்கொண்டு வரச்சொன்னேன். டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தது. முதுகில் கரி. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போயிற்று.

அதன் பிறகும் ஒரு வாரம் கழித்துத்தான் திரை விலகி வக்கீல் வெளியே வந்தார். கையில் டேப் இருந்தது. வீட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார்.

"பத்திரத்தில ஆயிரத்து நூத்தி நாப்பது சதுரடி. பெஞ்சுல இருக்கிறது எழுநூத்திப் பத்து. நான் எதை வச்சு ஒப்பீனியன் கொடுக்க?"

"மிச்சம் எங்க போச்சு?" என்று எழுந்தேன். "உங்க ஆபீஸ்ல வச்சுத்தானே குறைஞ்சிருக்கு? என் அடுப்படியைத் தின்னது யாரு?"

"திருத்தல் பத்திரம் போடணும். ஆறு வாரம்." திரை மூடிக்கொண்டது.

தை முடிய இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் செண்பகம் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் வீட்டின் அடுப்படியை எட்டிப் பார்த்தாள். அது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. பாத்திரத்தை எங்கே வைப்பது என்று விரலால் அளந்து பார்த்தாள்.

தேவசகாயம் என் காதருகே குனிந்தார். "ரெண்டு மாசமா நீங்க வைதது பூராவையும் அது கேட்டுக்கிட்டுல்லா இருந்துச்சு. நல்லதா நாலு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

நான் வீட்டின் பக்கம் திரும்பினேன். வாய் வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் எந்தச் சரக்கையும் நான் நல்லதென்று சொன்னதில்லை.

"மோசமில்ல" என்றேன்.

வராந்தா ஒரு அங்குலம் நீண்டது.

"தச்சு வேலை சுத்தம். தேக்கு. இப்ப இந்த மாதிரி நிலை கிடைக்காது."

ஹாலில் ஒரு ஜன்னல் விரிந்தது. லோகிதாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் பேசினால் விலை ஏறும். பேசாவிட்டால் வீடு இல்லை. செண்பகம் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்நாளே முடிவு பண்ணிட்டேன்" என்றேன். "அடுப்படிக்குக் கிழக்க ஒரு ஜன்னல் இருக்குல்ல. காலைல வெயில் நேரா அடுப்பு மேடைல விழுந்துச்சு. செண்பகம் இதுவரை எந்த அடுப்படியிலயும் வெளிச்சத்துல நின்னு சமைச்சதில்ல. இருட்டுலயே வெந்தவ. பதினோரு வீட்டுலயும் உப்பு ஒருநாளும் கூடினதில்ல, குறைஞ்சதில்ல. அவ அந்த வெயில்ல நிக்கிறதை நினைச்சேன். கேட்ட விலைக்கே கொடுத்திருப்பேன். அதான் வேகமா வெளிய வந்து சுவரைத் திட்டினேன்."

பெஞ்சு முனகியது. வீடு எழுந்து, விரிந்து, லோகிதாசனைச் சுவரோரம் தள்ளியது. தேவசகாயம் டேப்போடு ஓடினார்.

"எங்கிட்டகூட நீங்க சொல்லலையே" என்றாள் செண்பகம்.

"சொன்னா நீ முகத்துல காட்டிருவ."

"அப்ப விலை பத்தாதே அண்ணாச்சி" என்றார் சுவரோரத்திலிருந்து லோகிதாசன்.

"அட்வான்ஸ் வாங்கியாச்சுல்ல? உக்காரும்."

"போதும் அண்ணாச்சி, நிறுத்துங்க" என்று தேவசகாயம் கத்தினார். "ஆயிரத்து நூத்தி நாப்பத்திரெண்டு. ரெண்டு அடி கூடிருச்சு. இதுக்கும் திருத்தல் பத்திரம் வேணும்."

"வாசப்படிதான் கொஞ்சம் வழுக்கும்" என்றேன்.

சரியாக ஆயிரத்து நூற்று நாற்பது. திரைக்குள்ளிருந்து ஒரு கை வந்து ஒப்பீனியனைக் கொடுத்தது. மறுநாள் கிரயம் முடிந்தது. வீடு டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் காம்பவுண்டை விரித்துப் போட்டது.

தை கடைசி நாள் காலையில் பால் காய்ச்சினோம். வெயில் நேராக மேடையில் விழுந்தது. பால் பொங்கி வழிந்ததும் சர்க்கரை டப்பாவை எடுக்க ஸ்டூலைத் தேடினேன். டப்பாவை வழக்கம்போலப் பரணில்தான் வைத்திருந்தோம். செண்பகம் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தாள். கோலப்பொடி எடுக்க ஹாலுக்குப் போகையில் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

மாசி முதல் தேதி தச்சு வேலைக்கு மாசானம் வந்தார். நிலையை நிமிர்ந்து பார்த்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஆறு அங்குலம் உசத்தினா போதுமா அண்ணாச்சி?"

"ஒரு அடியா வச்சிரும்" என்றேன். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."