மேப்பிள் ரிட்ஜில் நடந்து போனவர்

மேப்பிள் ரிட்ஜில் ஒருவன் நடந்து போனாலே சந்தேகம்தான். நாயைப் பிடித்துக்கொண்டு போனால் தப்பித்தான். சும்மா கைவீசி நடந்தால் யாராவது படம் பிடித்துக் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். பகலெல்லாம் செயின்ட் பால் நகரத்து அலுவலகங்களில் உழைத்துவிட்டு இங்கே தூங்க மட்டும் வருகிற ஜனங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகமே சரியாகத் தெரியாது. வீடுகளும் அச்சில் வார்த்த மாதிரி. கதவுக்கு வேறு நிறம் பூசினால் சங்கம் அபராதம் போடும். அந்தச் சங்கத்தின் செயலாளர் லோர்னா பாக்கே.

ஜனவரி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. லோர்னா அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது எதிர்வீட்டு ட்ரென்ட்டின் செய்தி வந்தது.

"எவனோ வீடு வீடா பூட்டுல சாவியப் போட்டு ஆட்டிப் பாக்குறான். மூஞ்சி பூரா மப்ளர். போலீஸுக்குச் சொல்லிட்டேன், பனியில வர நேரமாகுமாம்."

அம்மா இறந்தபின் அப்பா ஆர்விட்டைப் போன மாதம்தான் இங்கே கூட்டிவந்திருந்தாள். வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். யார் தட்டினாலும் கேள்வி கேட்காமல் கதவைத் திறக்கிற மனிதர்.

"யாரும் கதவத் திறக்காதீங்க" என்று அவள் குழுவில் எழுதி முடிப்பதற்குள், அவள் வீட்டு வாசல் கேமராவே கைபேசியில் அழைத்தது. கேமராக் கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. தடித்த கோட்டுப் போட்ட ஓர் உருவம் பூட்டின் மேல் குனிந்து நின்றது. லோர்னா கூட்ட அறையை விட்டு வெளியே ஓடிவந்து, கைபேசியில் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"ஏய்! கதவ விட்டுத் தள்ளிப் போடா! உள்ள எங்கப்பா இருக்காரு. அவர்மேல கை பட்டுச்சு, தொலைச்சுடுவேன்!"

உருவம் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கியது. அது போதும் அவளுக்கு. இணைப்பைத் துண்டித்து, விரட்டிவிட்டதைக் குழுவில் எழுதிவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பினாள். "நீ கில்லாடி லோர்னா!" என்று ட்ரென்ட் எழுதியிருந்தான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பாவின் படுக்கை காலியாக இருந்தது. அவருடைய பூட்ஸையும் தபால்பெட்டிச் சாவியையும் காணோம். தெருமுனையில் தபால் எடுக்கப் போனவருக்குத் திரும்பி வர வீடு அடையாளம் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ட்ரென்ட் டார்ச்சோடு ஓடிவந்தான். போலீஸும் வந்தது. விற்காமல் கிடந்த வீடு ஒன்றின் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ஆர்விட். உயிர் போய் வெகுநேரமாகியிருந்தது. லோர்னாவுக்கு வந்த கடிதங்கள் நனையாமல் கோட்டுக்குள் இருந்தன.

"என் வாசல்லயும்தான் நின்னாரு, லோர்னா. நான் கதவத் திறந்து எட்டிக்கூடப் பாக்கல" என்று ட்ரென்ட் அழுதான். பாவி, அவளுக்கு அழக்கூட வரவில்லை.

போலீஸ்காரர் கேமராப் பதிவைக் கேட்டார். சமையலறை மேஜையில் வைத்து ஓட்டினாள். அதட்டல் முடிந்தபின் நடந்ததை அவளும் இப்போதுதான் பார்க்கிறாள். கிழவர் மப்ளரை இறக்கிவிட்டு, குரல் எங்கிருந்து வந்தது என்று தேடினார்.

"லோர்னா... நான்தாம்மா. வெரலு வெறச்சுப் போச்சு, சாவி நுழைய மாட்டேங்குது."

பதிலுக்காக நின்றார்.

"சரிம்மா, கத்தாத. போயிடறேன்."

படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

"மொதல்ல மெரட்டுற குரல் யாரோடது?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"என்னோடது" என்றாள் லோர்னா.