டெவினின் வக்கீல்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வெண்டல் ஸ்ட்ரூப் டோனட் கடைக்குள் நுழையும்போது அவருடைய சட்டைப்பையில் ஐந்தாறு அட்டைகள் இருக்கும். சமையல் குறிப்பு எழுதி வைப்பார்களே, அந்த அளவு அட்டை. அதில் சமையல் எதுவும் கிடையாது. சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் ஊர்க் கல்லூரி அணியின் மீக்ஸ் என்கிற பையன் எத்தனை தடவை பந்தை எறிந்தான், எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை தடவை யோசித்துக்கொண்டே நின்று அடிவாங்கி விழுந்தான் என்று பொடி எழுத்தில் இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடையில் காபி ஊற்றுவது நான்தான். கண்ணை மூடிக்கொண்டா ஊற்ற முடியும்? போதாததற்கு அவர் வீடு எங்களுக்கு எதிர்வீடு. அவருடைய சமையலறை ஜன்னலுக்குத் திரை கிடையாது. திரையைத் துவைக்கக் கழற்றிய வாரம்தான் அவர் மனைவி லோர்னா, அரிசோனாவில் இருக்கிற தங்கையோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். ஆறு வருஷம் ஆகிறது. திரை இன்னும் மாட்டவில்லை.

வெண்டல் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்தவர். இந்த ஊரில் எல்லோர் வீட்டு நிலவறையையும் அவருக்குத் தெரியும். யாருடைய வரவேற்பறையிலும் உட்கார்ந்ததாக எனக்குத் தகவல் இல்லை. எனக்குத் தகவல் இல்லை என்றால் அப்படி நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவாட்டர்பேக் யார் என்பது, மேயர் யார் என்பதைவிடப் பெரிய விஷயம். மேயர் பெயர் எனக்கே இரண்டு தடவை யோசித்தால்தான் வரும். ஆட்டத்தில் பந்து அனேகமாக முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடிவிடுவதா என்று அவன் மூன்று விநாடியில் முடிவு செய்தாக வேண்டும். அவன் செய்தது சரியா என்று முடிவு செய்ய ஊருக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

இந்த வருஷம் அந்த இடத்துக்கு இரண்டு பேர். கோல்ட்டர் மீக்ஸ் கடைசி வருஷ மாணவன். பக்கத்து மாவட்டத்துப் பையன், பார்க்க லட்சணமாக இருப்பான், மூன்று வருஷம் பொறுமையாகக் காத்திருந்து இடத்தைப் பிடித்தவன். டெவின் ஓக்ரே முதல் வருஷம். ஒல்லி. பள்ளிக்கூடத்தை முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடையின் பின்பக்கத்து வட்ட மேசையில் ஐந்து பேர் உட்காருவார்கள். அதில் நாலு பேர் மீக்ஸ் கட்சி. இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் கஸ் பெட்டர்லிதான் தலைவர். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஹாலிஸ் அவருக்கு மந்திரி. மற்ற இரண்டு பேர் தலையாட்ட வந்தவர்கள். டெவின் கட்சியில் வெண்டல் மட்டும்.

ஆறு வாரம் நான் பார்த்த கூத்து அது. வெண்டல் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்புவார். மூன்றாவது முயற்சியில் மீக்ஸ் முப்பத்தொரு தடவைக்கு ஒன்பது தடவைதான் தேறினான் என்பார். அட்டையில் இருப்பதெல்லாம் நெஞ்சில் இருக்குமா, அந்தப் பையனிடம் நெஞ்சு இருக்கிறது என்பார் கஸ். நெஞ்சாலா பந்தை எறிகிறான் என்று வெண்டல் கேட்பார். டாக்டர் வாயில் டோனட்டோடு சிரித்துப் புரையேறி, நான் தண்ணீர் கொண்டு ஓடுவேன். கஸ் வெண்டலை 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார். "யோவ் வக்கீலே, உன் கட்சிக்காரன் சவரம் பண்ண ஆரம்பிச்சிட்டானா, இல்ல இன்னும் பால் பாட்டில்தானா?" என்று கதவு திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். வெண்டல் ஒவ்வொரு திங்களும் தோற்றுத்தான் போவார். தோற்றுவிட்டு, காதெல்லாம் சிவந்து, பத்து வயது குறைந்த மாதிரி வெளியே போவார்.

அதோடு முடிந்துவிடாது. புதன்கிழமை சாயங்காலம் கஸ் தொலைபேசியில் கூப்பிட்டு மேலும் நாலு வார்த்தை சீண்டுவார். வெண்டல் போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பதை எங்கள் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து பார்க்கலாம். நான் அந்த நேரத்தில்தான் பாத்திரம் கழுவுவது. வெள்ளிக்கிழமை செய்தித்தாளை வெட்டுவார். சனிக்கிழமை ஆட்டம். ஞாயிறு சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போடுவார், உதடு அசைந்துகொண்டே இருக்கும். மறுநாளைய வாதத்தை ஒத்திகை பார்க்கிறார் என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. ஒரு மனிதனுக்கு வாரம் முழுவதற்கும் வேலை கொடுத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு சண்டை.

அக்டோபரில் ஆறாவது ஆட்டத்தில் மீக்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு போனார்கள். டெவின் உள்ளே வந்தான். அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் பார்க்காத எனக்கே ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டது. அன்றைக்கு ஜெயித்தார்கள். அடுத்த வாரமும் ஜெயித்தார்கள்.

முதல் வெற்றிக்கு அடுத்த திங்கட்கிழமை வெண்டல் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அட்டை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, பை புடைத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் நாலு பேரும் எழுந்து கைதட்டினார்கள். கஸ் ஆப்பிள் போட்டுப் பொரித்த ஒரு ஃப்ரிட்டரைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினார். "நீ சொன்னதுதான்யா சரி. நாங்க நாலு பேரும் முட்டாள். போதுமா?" என்றார். வெண்டல் சிரித்தார். பையிலிருந்து முதல் அட்டையை எடுத்தார். அதற்குள் கஸ் டாக்டர் பக்கம் திரும்பி, ஏரிக்கரையில் வாங்கப்போகிற படகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

படகு அரை மணி நேரம் ஓடியது. பிறகு டாக்டரின் மகள் வீட்டுக் குழந்தைகள். பிறகு யாரோ ஒருவருடைய இடுப்பு அறுவை சிகிச்சை. வெண்டலுக்குப் படகு இல்லை, பேரப்பிள்ளை இல்லை, இடுப்பும் நன்றாகவே இருந்தது. அட்டையை மறுபடி பையில் வைத்துக்கொண்டார். அந்தப் புதன்கிழமை நான் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். போன் வரவில்லை. அவர் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வெற்றிக்குப் பிந்திய திங்களன்று அவர் ஒரு காரியம் செய்தார். பேச்சு கொஞ்சம் ஓய்ந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மீக்ஸின் கால் சரியானதும் அவனுக்கே இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். நெஞ்சு என்றுகூடச் சொன்னார்.

தலையாட்டுகிற இரண்டு பேருக்கும் எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை. கஸ் முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். வெண்டல் அட்டையை எடுத்ததும் சிரிப்பு நின்றது.

"ஆறு வாரம் எங்க உயிரை வாங்கின. இப்ப நாங்க உன் பக்கம் வந்தா நீ அந்தப் பக்கம் தாண்டுற. உனக்கு என்னதான்யா வேணும்?"

வெண்டல் அட்டையைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது.

"மீக்ஸ் வேணும்," என்றார் கடைசியில்.

"அது முடிஞ்சு போச்சு. டெவின் முதல் வருஷம். இன்னும் மூணு வருஷத்துக்கும் சேர்த்து அவன்தான். இனி இதுல பேச ஒண்ணுமில்ல. வேற ஏதாச்சும் பேசு." கஸ் கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். தோளில் தட்டிவிட்டுக் கடை திறக்கக் கிளம்பிப் போனார்.

வெண்டலுக்கு எழுபத்தொரு வயது. இன்னும் மூன்று வருஷம் என்றால் எழுபத்துநாலு. நான் மனதுக்குள் கூட்டினேன், அவரும் கூட்டியிருப்பார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மீக்ஸ் வந்தான், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோலோடு. செப்டம்பரில் அவன் வந்தால் வட்ட மேசையே எழுந்து நின்று கை குலுக்கும். இப்போது கஸ் இரண்டு விரலை நெற்றியில் வைத்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் படகு விலைப்பட்டியலுக்குத் திரும்பினார். பையன் எனக்கு எதிரே உயர நாற்காலியில் ஏறிக் கஷ்டப்பட்டு உட்கார்ந்தான். வெண்டல் வட்ட மேசையை விட்டு எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர்கள் முன்னால் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வெண்டல் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவனுக்கு இழைக்கப்படுவது அநியாயம் என்றார். குணமானதும் பயிற்சியாளரிடம் போய் இடத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்றார். ஒன்று, இரண்டு என்று காரணங்களை அடுக்கினார். பையன் டோனட்டைக் கடிக்காமல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஸ்ட்ரூப்னா... பேப்பர்ல கடிதம் எழுதினது நீங்கதானே சார்? நான் பந்தை ரொம்ப நேரம் பிடிச்சுக்கறேன்னு?"

வெண்டலின் காது சிவந்தது. பழைய சிவப்பு இல்லை.

"அதை வெட்டி என் அலமாரியில ஒட்டி வச்சிருந்தேன் சார்," என்றான் மீக்ஸ். "கோபமாத்தான் ஒட்டினேன். ஆனா நீங்க எழுதினது சரி. டெவின் என்னைவிட நல்லா ஆடுறான். நானே இப்ப அவனுக்குச் சொல்லிக் கொடுக்கறேன்."

"அப்படிச் சொல்லாத தம்பி," என்றார் வெண்டல். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "நீ போராடணும்."

"இல்ல சார். நீங்க சொன்னதுதான் சரி."

பிறகு இருவரும் எதிரே இருந்த காபி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் பேச்சுக்காகக் கேட்டான், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. மனைவி அரிசோனா போயிருக்கிறாள், தங்கை வீட்டுக்கு, இரண்டு மாதத்தில் வந்துவிடுவாள் என்றார் வெண்டல். நான் துணியைப் பிழியப் போய்விட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது வாரம் அந்த நாற்காலியில் கஸ்ஸின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் படகு இருக்கிறதாம். வெண்டல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் சொல்ல நான் எல்லா விவரமும் வைத்திருந்தேன்: ஆறு மணிக்கு விளக்கு எரிகிறது, சட்டை போட்டுக்கொள்கிறார், கார் கிளம்புவதில்லை.

நான் ஆட்டம் பார்க்கிறவள் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் முழுக்க, அந்தப் பேச்சு வருகிற வானொலியைக் கடையில் பாட்டுக்குப் பதிலாக வைத்துக் கேட்டேன். ஒரு வாதம் கிடைத்தது. அதை இரண்டு நாள் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டு, கடை மூடின மத்தியானம் ஆறு ஃப்ரிட்டரைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். பதினோரு வருஷமாக எதிர்வீடு. அவர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

அவர் கதவைத் திறந்து, வழியை மறித்தாற்போல் நின்றார். பெட்டியை நீட்டினேன். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

"உங்க டெவின் இடது பக்கமா ஓடுறப்போ வலது பக்கம் யார் நிக்கறாங்கன்னு பாக்கறதே இல்ல. ஒரு நாள் மாட்டிக்கத்தான் போறான்."

வெண்டல் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க ஆட்டம் பாக்கறதில்லையே, டோரீன்."

"இல்லதான்," என்றேன்.

அவர் தலையை அசைத்தார். பெட்டிக்கு நன்றி சொன்னார். இந்த வாரம் பனி உறையும், தோட்டத்துக் குழாயில் தண்ணீரை வடித்துவிடுங்கள் என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் இரண்டு படி இறங்கியிருப்பேன். உள்ளே குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் போய்க் கதவோரம் நின்றேன். யாரும் இல்லை. வெண்டல்தான். தெளிவாக, நிதானமாக, சட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற மாதிரி எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் இடது பக்கம் ஓடுவதே வலது பக்கத்து ஆட்களை ஏமாற்றத்தான். போன சனிக்கிழமை இரண்டாம் பாதியில் அதையேதான் செய்தான். பார்க்கவில்லை என்று சொல்கிறவர்கள் அவன் தலையைப் பார்க்கிறார்கள், தோளைப் பார்ப்பதில்லை என்று. நடுவில் நிறுத்தி, நான் ஏதோ மறுத்துப் பேசினதுபோல் கேட்டுக்கொண்டு, இல்லை டோரீன், அப்படி இல்லை என்று மறுபடி ஆரம்பித்தார்.

கை விறைக்கும்வரை நின்று கேட்டேன். தட்டவில்லை. தட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். என்னிடம் இருந்தது அந்த ஒரு வாதம்தான்.