காஸ்மா மூன்றுக்கு ஜாமீன்

ஸக்கரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கி எறிந்த ஐந்தாம் நாள், அவனுடைய அம்மா அவன் கைப்பேசியைப் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போகச் சொன்னாள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் மனிதக் குரலைவிட அதிகமாகக் கேட்டது அதன் ‘டிங்’ சத்தம்தான். இப்போது அது செத்த எலிபோல மேசைமேல் கிடந்தது.

“பழுதெல்லாம் இல்லம்மா. என்னை வெளிய தள்ளிட்டாங்க.”

“எங்கேருந்துடா?”

“காஸ்மா குழுவுலேருந்து. முந்நூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க அதுல.”

காஸ்மா என்பது வீடியோ விளையாட்டுப் பெட்டி என்றோ, அந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஸக்கர் நேரில் பார்த்தது எட்டுப் பேரைத்தான் என்றோ அவளுக்குத் தெரியாது. முந்நூறு ஆண்கள் சேர்ந்து தன் மகனை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்பது மட்டும் விளங்கியது. அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கே கணவரின் அண்ணன் அபூ ஃபவ்வாஸுக்கு ஆள் அனுப்பினாள்.

ஸக்கர் தடுக்கவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து தூங்கி, பிற்பகல் எழுந்து, மறுபடி வேலைக்குப் போகிறவனுக்கு ஊரில் நண்பர்கள் தங்குவதில்லை. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டபோதும் சரி, அப்பா இறந்தபோதும் சரி, அவன் பேசிய இடம் அந்தக் குழுதான். ஜோர்தானின் வடக்கே இருந்த அந்த ஊரின் பேரையும் சேர்த்து ‘இர்பித் காஸ்மா சிங்கங்கள்’ என்று அதற்குப் பெயர். கேவலமான பெயர்தான். ஆனால் அவனுக்கு வேறு இடம் கிடையாது.

குற்றம் சின்னதுதான். குழுவின் தலைவன் உக்லா, கைப்பேசி உறை விற்பவன், ஒரு நாள் செய்தி போட்டான். அகபா துறைமுகத்தில் அவன் ஒன்றுவிட்ட தம்பி ஒரு பெட்டியைப் பார்த்தானாம். கறுப்புப் பெட்டி. இன்னும் வெளிவராத காஸ்மா மூன்று அதற்குள்தான் இருக்கிறதாம். முந்நூறு பேர் இதயம் போட்டார்கள். ஸக்கர் மட்டும் எழுதினான்: “உன் தம்பி பாத்தது குளிர்சாதனப் பெட்டி அட்டை. மூணாவது பெட்டி வராது. கம்பெனி சொந்தமா ஒரு புது விளையாட்டு போட்டு நாலு வருஷம் ஆச்சு. அதே ‘கோபுர ஓநாய்’ விளையாட்டைச் சாயம் அடிச்சு நாலு தடவ வித்துட்டான். நாமளும் நாலு தடவ வாங்கிட்டோம்.”

பத்து நிமிடத்தில் அவன் வெளியே இருந்தான்.

அபூ ஃபவ்வாஸ் நீர்ப்பாசனத் துறையில் ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை, நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு ஜாஹாவாகப் போய்ச் சமாதானம் பேசுவது. கார் மோதல், நிச்சயதார்த்த முறிவு, ஒரு தடவை ஒரு ஆடு. அவர் கேட்டது ஒரே கேள்வி: “ரத்தம் ஏதும் சிந்திச்சா?”

“இல்ல பெரியப்பா.”

“அப்ப சுலபம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு போறோம்.”

பன்னிரண்டு பேர் போனார்கள். மூன்று கார். அதில் ஒன்றை ஓட்டியவன் ஜர்ராஹ், ஸக்கர் நேரில் பார்த்திருந்த எட்டுப் பேரில் ஒருவன். குழுவில் உண்மையாகவே உட்கார்ந்து விளையாடுகிற ஒரே ஆள். அதனாலேயே அவன் அங்கே அதிகம் பேசமாட்டான். வழியில் அவன் சொன்னான், “மச்சான், இதுக்குப் பேசாம நாம ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து ஓநாய் விளையாடியிருக்கலாம்டா.”

“விளையாடறதுக்கா குழுவுல இருக்கோம்?” என்றான் ஸக்கர் எரிச்சலோடு.

உக்லாவின் அப்பா வாசலில் வந்து வரவேற்றார். விருந்தினர் கூடத்தில் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். கண்ணாடி அலமாரியில், பீங்கான் தட்டுகளுக்கு நடுவே, உக்லாவின் காஸ்மா இரண்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி வந்தது. அபூ ஃபவ்வாஸ் கிண்ணத்தை வாங்கினார், குடிக்கவில்லை, முன்னால் இருந்த மேசையில் வைத்தார். பின்னால் பதினோரு கிண்ணங்களும் அப்படியே மேசைக்குப் போயின.

“காப்பியக் குடிங்க, அபூ ஃபவ்வாஸ்.”

“குடிக்கிறோம், அபூ உக்லா. எங்களுக்கு உங்க வீட்டுல ஒரு தேவை இருக்கு. அது நிறைவேறட்டும், குடிக்கிறோம். எங்க பையன் வார்த்தை தவறிட்டான். உங்க பையன் கதவச் சாத்திட்டான். கதவத் தெறக்கச் சொல்லிக் கேக்க வந்திருக்கோம்.”

உக்லாவின் அப்பா மகனைப் பார்த்தார். “என்னடா கதவு?”

உக்லா எழுந்து நின்றான். இந்த நாளுக்காகவே சட்டையைத் தேய்த்திருந்தான். “சேத்துக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை. காஸ்மா மூணு ரமலானுக்கு முன்னாடி வருதுன்னு அவன் கையால எழுதணும்.”

“எழுதமாட்டேன்,” என்றான் ஸக்கர். “வராத ஒண்ணை வருதுன்னு எப்படி எழுதறது?”

“உனக்கு எப்படித் தெரியும் வராதுன்னு? நீ என்ன கம்பெனிக்கு மருமகனா?”

“உன் தம்பி மட்டும் மருமகனா?”

“அவன் கண்ணால பாத்தான்!”

“அட்டைப் பெட்டியப் பாத்தான்டா. அதுக்குள்ள அடுப்பு இருந்தா?”

வந்திருந்த பெரியவர்களில் ஒருவர் கவலையோடு கேட்டார், “அடுப்பா? இது கல்யாணச் சாமான் பிரச்சினையா?”

“சும்மா இருங்க,” என்றார் அபூ ஃபவ்வாஸ். கிண்ணங்களில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் மன்ஸஃப் ஆட்டுக்கறிச் சோறும் ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவருடைய கிண்ணம் குடிக்கப்படாமல் திரும்பியதில்லை. ஆட்டு விவகாரத்தில்கூட இல்லை. அவர் ஸக்கரின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார், “டேய், வருதுன்னு சொல்றதுல உனக்கென்ன நட்டம்? மழ வரும்னு சொல்றதில்லையா நாம?”

“இது மழ இல்ல பெரியப்பா.”

“உள்ள போகணுமா, வேண்டாமா?”

ஸக்கர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கைப்பேசி அசைவில்லாமல் இருந்தது. போகணும். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

“எழுதறேன்,” என்றான்.

“அவன் எழுதறான்,” என்று உரக்கச் சொன்னார் பெரியப்பா. “அது மட்டுமில்ல. ரமலானுக்கு முன்னாடி அந்தச் சாமான் வரும்கறதுக்கு நான் ஜாமீன்.”

இப்படிப்பட்ட மனிதர் ஜாமீன் நின்றால் பேச்சு முடிந்தது. அவர் எதற்கு ஜாமீன் நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கப்படி தாள் வந்தது. ஸக்கர் எழுதினான். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். சாட்சிகள் நாலு பேர் போட்டார்கள், அதில் ஒருவர் கட்டைவிரல். உக்லாவின் அப்பா, “குடிங்க, கேட்டது கெடச்சிடுச்சு,” என்றார். பன்னிரண்டு பேரும் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் விழுங்கினார்கள்.

சாயங்காலம் உக்லா அந்தத் தாளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். அதன்பின் நடந்தது யார் கையிலும் இல்லை. வதந்திக்கு இதுவரை கறுப்பு அட்டைப் பெட்டி மட்டும்தான் ஆதாரம். இப்போது கையெழுத்து, சாட்சி, ஜாமீன் எல்லாம் வந்துவிட்டது. “மறுத்தவனே ஒத்துக்கிட்டான்,” என்று எழுதினார்கள். அம்மான் குழுக்காரர்கள் எடுத்துப் போட்டார்கள். ஒரு வலைத்தளம், “வடக்கு ஜோர்தானின் பொறுப்பான வட்டாரங்கள் எழுத்துபூர்வமாக உறுதி” என்றது. அதைப் படித்த உக்லா, “பாத்தீங்களா, வெளியாரும் சொல்றாங்க,” என்று குழுவில் திரும்பப் போட்டான்.

ஸக்கரின் கைப்பேசி மறுபடி டிங் டிங் என்றது. அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். ஜாமீனோடு வந்தவன் என்பதால் அவனைத் துணைத் தலைவன் ஆக்கினார்கள். யாரையும் உள்ளே விடவும் வெளியே தள்ளவும் அவனுக்கு அதிகாரம். அவன் இரண்டு மாதம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தான்.

பெரியப்பாதான் தூக்கத்தை இழந்தார். ஒரு துக்க வீட்டில் உக்லாவின் அப்பா எல்லார் முன்னாலும், “என்ன அபூ ஃபவ்வாஸ், அந்தச் சாமான் பத்திச் சேதி ஏதாவது உண்டா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். மறுநாளே பெரியப்பா குழுவில் சேர்ந்தார். ஒரு மாதத்தில் காஸ்மா ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எத்தனை வருட இடைவெளி என்பதை விரல்விட்டுச் சொன்னார். கோபுர ஓநாயின் நாலு பாகத்தில் மூன்றாவதுதான் உண்மையான ஓநாய் என்று ஒரு டாக்ஸிக்காரனோடு சண்டை போட்டார். விளையாடிப் பார்க்கிறீர்களா என்று ஜர்ராஹ் கேட்டதற்கு, “எனக்கு எங்கடா நேரம்?” என்றார்.

ரமலானுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கம்பெனி அறிவிப்பு வந்தது. பிற்பகல் மூன்று மணி. பெரியப்பா ஸக்கரின் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா வைத்த காப்பியைத் தொடவில்லை. இருவரும் ஒரே கைப்பேசியில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். இசை. புகை. புகைக்குள்ளிருந்து காஸ்மா இரண்டு வந்தது. பச்சை நிறத்தில். கூடவே கோபுர ஓநாய், ஐந்தாவது தடவை. ஓநாயும் பச்சை.

குழுவில் ஒரு இதயமும் விழவில்லை. உக்லா எழுதினான்: “ஸக்கர், எழுத்துல குடுத்தவன் நீ. சொல்லு. இதுதானா அது?”

பெரியப்பா அவன் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வீட்டில் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தது போல. “டேய். இதுதானேடா?”

இது அது இல்லை என்று ஸக்கருக்குத் தெரியும். உக்லாவுக்கும் தெரியும். அலமாரியில் வைக்கத்தான் என்றால் பச்சை நன்றாகவே இருக்கும்.

“வந்துடுச்சு,” என்று எழுதினான்.

முந்நூறு இதயங்கள் விழுந்தன. பெரியப்பா நீளமாக மூச்சுவிட்டுக் காப்பியை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு, “சரி, இதுக்கு அடுத்தது எப்பன்னு பேசிக்கறாங்க?” என்றார்.

அப்போதுதான் ஜர்ராஹ் எழுதியது வந்தது. மூன்றே வரி. “இது புது நிறம். புதுப் பெட்டி இல்ல. நாலு தடவ வித்ததை அஞ்சாவது தடவ விக்கறான்.”

“துணைத் தலைவரே, கவனிங்க,” என்று உக்லா எழுதினான்.

ஸக்கர் அந்த மூன்று வரியை இரண்டு தடவை படித்தான். ஏறக்குறைய அவனுடைய வரிகள்தான். அவன் எழுதியதைவிடச் சுருக்கமாக, நன்றாகவே இருந்தன. பெரியப்பா பக்கத்தில் இருந்தார். கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ஜர்ராஹ் வெளியே போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவிடம் ஏலக்காய் கூடுதலாகப் போட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறையக் காப்பி வைக்கச் சொன்னான். கூடத்தைப் பெருக்கினான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். ஜர்ராஹின் ஆட்கள் ஜாஹாவாக வந்தால் ரொம்ப இழுக்கக் கூடாது, ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்று தீர்மானித்து வைத்திருந்தான். தொழுகை முடிந்தது. மூன்று மணி ஆனது. நாலானது. யாரும் வரவில்லை.

ஐந்து மணிக்கு அவனே கைப்பேசியில் அழைத்தான். ஜர்ராஹ் எடுத்தான். பின்னால் ஓநாய் ஊளையிடும் சத்தமும் பொத்தான்களைத் தட்டும் சத்தமும் கேட்டன.

“என்ன மச்சான்?”

“உன்னை வெளிய தள்ளினேனே.”

“அப்படியா?” என்றான் ஜர்ராஹ். “பாக்கல. அப்புறம் பேசறேன்டா, கோபுரத்து மேல ஏறிட்டிருக்கேன்.”

காப்பியை அம்மா இரண்டு தடவை சூடாக்கிவிட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது வேண்டாம் என்றான்.