நட்சத்திரம் போட்ட நாட்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் சர்க்கரை நோய்ப் பிரிவில் அந்தக் கண்ணாடி போட்ட நர்ஸ் என் மகளிடம் ஒரு தாளை நீட்டியபோது, நான் குறுக்கே கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டேன்.

மகளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வயதிலிருந்து தினமும் நான்கு இன்சுலின் ஊசி. டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது நான்தான். என்ன சாப்பிட்டாள், எங்கே குத்திக்கொண்டாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. தினமும் சர்க்கரை அளவைக் குறித்துவைக்கத் தனி நோட்டே வைத்திருக்கிறேன்.

தாளில் மனநிலை பற்றி ஒன்பது கேள்விகள். இரண்டு வாரமாகச் சோர்வா, தூக்கம் கெட்டதா, பசி குறைந்ததா? அட கடவுளே, சர்க்கரை ஏறினாலும் சோர்வு, இறங்கினாலும் சோர்வு. இதற்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? 'ஒரு நாளும் இல்லை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே மளமளவென்று ஒன்பது டிக் போட்டுக் கொடுத்தேன்.

நர்ஸ் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க நல்லா இருக்கீங்கம்மா, சந்தோஷம். இப்ப பிள்ளை எழுதட்டும்." இன்னொரு தாளை எடுத்தார். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

எனக்குச் சுரீரென்றது. "எம் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாததா சிஸ்டர்? முன்னாடி இவ சரியான வாயாடி. இப்ப ஒரு வருஷமா எவ்வளவு பொறுப்பு தெரியுமா? வீட்ல சத்தமே கிடையாது."

"ஒரு வருஷமா சத்தமே இல்லையா?" என்றார் அவர். இப்போது சிரிக்கவில்லை. "அந்தச் சர்க்கரை நோட்ட மட்டும் குடுத்துட்டுப் போங்கம்மா."

வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டபோது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் முடிவோடுதான் உள்ளே போனேன்.

நோட்டு மேசைமேல் திறந்திருந்தது. சர்க்கரை சரியாக இருக்கும் நாளுக்கெல்லாம் நான் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் போடுவது வழக்கம். அந்த நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் இன்று புதிதாகப் பென்சில் புள்ளிகள்.

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று நர்ஸ் வாலுவைக் கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "சோர்வு சர்க்கரையாலயா, மனசாலயான்னு எனக்கும் சந்தேகம் வந்துச்சும்மா. அதான், முடியாம கிடந்த நாளுக்கெல்லாம் புள்ளி வைக்கச் சொன்னேன். பாருங்க."

நூற்றுப் பத்து, புள்ளி. நூற்று இருபத்து நான்கு, புள்ளி. எல்லாம் அருமையான எண்கள். அப்படியானால் அந்தச் சோர்வு சர்க்கரையால் வந்ததில்லை. ஏழு வருடமாக எத்தனையோ பேர் புரட்டிய நோட்டுதான் அது. இந்தப் பெண்மணி ஒருத்திக்குத்தான் அதை வைத்து இப்படிக் கேட்கத் தோன்றியிருக்கிறது. சண்டைக்குப் போன எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"ஸ்டார் போடும்போது உம் முகம் எவ்வளவு சந்தோஷமா இருக்கும்! அத எதுக்கும்மா கெடுக்கணும்?"

ஐயோ, என் கண்ணே!

"கடைசிக் கேள்விக்கும் உண்மையத்தான் எழுதியிருக்கா. பெரியவங்களே அதுல பொய் எழுதுவாங்க. தைரியசாலிம்மா உங்க பொண்ணு" என்றார் நர்ஸ். "மனநல டாக்டர்கிட்ட பேசிட்டேன், இப்பவே பாக்கறேன்னுட்டாங்க. நானும் கூட வரேன்."

கடைசிக் கேள்வியா? அதை நான் படிக்காமலே டிக் போட்டிருந்தேன். இப்போது மேசைமேல் இருந்த தாளில் படித்தேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்று கேட்டிருந்தது. நர்ஸ் என் தோளில் கை வைத்தார்.

"கேட்டா அந்த நினைப்பு வந்துடும்னு பயப்படாதீங்க. நீங்களே கேளுங்கம்மா."

இத்தனை நீள வாய்க்கு அந்த ஒரு கேள்வி வரமாட்டேன் என்றது. மகள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்கும் தோணுச்சாடா?"

"காலையில தோணுச்சும்மா" என்றாள். "இப்ப இல்ல."