அடுப்பில்லாத அறை

என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. அதுவும் அவராகக் கேட்டு வாங்கியதில்லை. திருவனந்தபுரம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அவர் கணக்கு எழுதும் ஜவுளிக்கடைக்கு இடவப்பாதி மழை வருமுன் ஓடு மாற்ற வேண்டும் என்று முதலாளி கடையையே அடைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூட லீவுக்குக் கோட்டாற்றில் என் அம்மா வீட்டில் இருந்தார்கள். "ராமேஸ்வரம் போயிட்டு வருவமா?" என்று அவர் கேட்டபோது நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கல்லில் கிடந்த தோசை கருகிப்போனது.

சாமி கும்பிடத்தான் முகம் இப்படி மலர்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. என் ஆசை வேறு. நான் ஆக்காத சோற்றை, வேறு யாரோ பரிமாற, உட்கார்ந்து நாலு நாள் தின்ன வேண்டும். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அது நடந்ததில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டில் கிடந்தபோது கிடைத்தது பத்தியச் சோறு. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே அந்தத் தீவில் எங்கே தங்குவது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. ராமேஸ்வரத்தில் எங்கள் ஆட்களுக்குச் சத்திரம் உண்டு. அறை தருவார்கள், இரண்டு பானையும் விறகும் தருவார்கள். பானையும் விறகும் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பாம்பனில் இவருடைய பெரியப்பா மகன் குற்றாலலிங்கம் அண்ணாச்சி ரயில்வேயில் டிக்கட் கிளார்க். குவார்ட்டர்ஸ் இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்து போகிற பெண்ணுக்கு முதல் காப்பியோடு விருந்து முடிந்துவிடும். அப்புறம் தேங்காயைத் துருவி, வெங்காயத்தை உரித்துக் கொடுத்துக்கொண்டு அடுக்களையில் நிற்க வேண்டியதுதான்.

இவரோடு கடையில் வேலை பார்க்கிற சேஷன்தான் மூன்றாவது வழி சொன்னார். தனுஷ்கோடியில் கொழும்புக் கப்பலுக்குப் போகிறவர்கள் தங்குவதற்கு மாடியில் அறைகள் விடுகிறார்களாம். கீழே ஓட்டல். ஆள் அனுப்பிச் சொன்னால் சாப்பாட்டை மேலே கொண்டுவந்து வைப்பார்களாம். அறையில் அடுப்பு கிடையாது. இதைக் கேட்டதும் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்துச் சேலைகளை அடுக்கத் தொடங்கினேன். போவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"ஓட்டல் ஊணு நமக்குப் பிடிக்குமா, ஏளா? வயிறு கெட்டுப்போகும்," என்றார் இவர்.

"கெட்டா கெடட்டும். உங்களுக்கு மோரு வாங்கித் தாறேன்."

"அதும் சாரமில்ல, போகட்டும். எதுக்கும் அண்ணாச்சிக்கு ஒரு கார்டு போட்டு, அந்த அறை சுத்தமா இருக்குமான்னு கேட்டிரலாம்."

வேண்டாம் என்று அப்போதே நான் கையைப் பிடித்திருக்க வேண்டும். அண்ணன் இருக்கிற ஊரில் எந்த லாட்ஜ் நல்லது என்று அந்த அண்ணனிடமே கேட்பது, உன் வீடு எங்களுக்குப் போதாது என்று தெருவில் நின்று சொல்வது போல. எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இவர் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், இங்கே சொந்தம் என்று அதிகம் பேர் இல்லை. நல்ல எண்ணத்தில் எழுதி, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் தபாலில் போட்டார்.

பதில் வரவில்லை. தினமும் தபால்காரன் மணி கேட்டால் வாசலுக்குப் போவேன், வருவேன். பெட்டியில் அடுக்கிய சேலையை எடுத்து வேறு சேலை வைப்பேன். ராத்திரி படுத்தால் அந்த மாடி அறையும் கதவைத் தட்டுகிற ஓட்டல் பையனும்தான் கண்ணில் நிற்பார்கள். இவ்வளவு அற்ப ஆசைக்கு இப்படித் தவிக்கிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் தவிப்பு குறையவில்லை.

கடை அடைத்த அன்று காலையில் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். பின்னால் அவர் மனைவி பிச்சம்மாள் அக்கா ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினாள்.

"லாட்ஜுல தங்கதுக்கு நான் செத்தா போயிட்டேன், தம்பி?" என்றார் அண்ணாச்சி, செருப்பைக்கூடக் கழற்றாமல். "கார்டப் பாத்த அன்னைக்கே லீவு எழுதிக் குடுத்து பாஸ் வாங்கிட்டேன். நேர்ல வந்து கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

இவர் தலையைச் சொறிந்தார். நான் காப்பி போட உள்ளே போனேன். டிகாக்‌ஷன் பாதி கீழே போயிற்று.

வந்ததுதான் வந்தாயிற்று, பத்மநாபசாமியைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது என்றார் அண்ணாச்சி. மறுநாள் மிருகக்காட்சிசாலை. அதற்கடுத்த நாள் சங்குமுகம். கடல் நடுவிலிருந்து வந்த மனிதருக்குக் கடல் பார்க்க வேண்டுமாம். என் லீவு, எனக்கென்று ஓடு உடைந்து வந்த லீவு, இட்டிலிப் பானையில் வெந்துகொண்டிருந்தது.

பிச்சம்மாள் அக்காதான் எனக்குப் பிடிபடவே இல்லை. சோற்றுக்கு உட்காருவாள், தின்பாள், இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து அடுக்களை வாசலில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வாள். ஒரு வெங்காயம் உரிக்கவில்லை. ஒரு தம்ளர் கழுவவில்லை. விருந்தாளியாக வந்த பெண் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அரிவாள்மணையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. "கோவமா இருக்கியா, பொன்னம்மை?" என்று கேட்டாள்.

"நான் எதுக்குக்கா கோவப்படணும்?"

"கோவப்படு. நானா இருந்தா இதுக்குள்ள ஏசியிருப்பேன்." மெதுவாகச் சிரித்தாள். "பாம்பனுக்கு வந்து எட்டு வருசமாச்சு. ராமேஸ்வரம் போறவுக, வாறவுக, நம்ம ஊரு, பக்கத்து ஊரு, எல்லாருக்கும் எங்க வீடுதான். ராத்திரி வண்டியில வந்து கதவத் தட்டுவாக. எந்திரிச்சு உலை வைப்பேன். கடலுக்கு நடுவுல இருந்தும் நான் மொதல்ல கால் நனைச்சது இந்தச் சங்குமுகத்துலதான். ஒன் மாப்பிள்ள கார்டு வந்ததும் இவுகளுக்குக் கோவம். நான்தான் தூபம் போட்டேன், நேர்லயே போயிருவோம்னு. ஒருத்தி ஆக்கிப் போட நாலு நாள் திங்கணும்னு ஆச. பாவம், அந்த ஒருத்தி நீயாயிட்ட."

நான் தேடிக்கொண்டிருந்த அறை என் வீடாகவே இருந்திருக்கிறது, வேறொருத்திக்கு. ஆத்திரப்படலாம் என்று பார்த்தால் அழுகைதான் வந்தது. தனுஷ்கோடி மாடி அறையை, அடுப்பில்லாத அந்த அறையை, அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

கேட்டுவிட்டு அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சாவி இருந்தது.

"அறை எல்லாம் எதுக்கு? குவார்ட்டர்ஸ் பூட்டிக் கெடக்கு. கதவத் தட்ட ஒருத்தரும் வரமாட்டாக, நாங்க ஊர்ல இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. எட்டு வருசமா வாசனை பிடிச்சதோட சரி. நீ போயித் தின்னுட்டு வந்து சொல்லு."

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி தங்கப்போவது அவர் வீட்டில்தான், கௌரவம் காப்பாற்றப்பட்டது. "நாங்க இங்கயே இருந்து வீட்டப் பாத்துக்கிடுதோம். இவ ஆக்கிப் போடுவா," என்றார்.

"இவ ஆக்கமாட்டா," என்றாள் அக்கா. "கிழக்கேகோட்டையில நெறய ஓட்டல் இருக்கு. தூக்குவாளி எடுத்துக்கிட்டுப் போயி வாங்கிட்டு வாங்க."

அண்ணாச்சி முகம் தொங்கிப்போனது. ஆனால் தம்பி வீட்டில், தம்பி மனைவி முன்னால் அவர் என்ன சொல்ல முடியும். அவள் இடம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் தம்பானூர் ஸ்டேஷனுக்கு அவர்களும் வழியனுப்ப வந்தார்கள். டிரங்குப் பெட்டியை ஏற்றியாகிவிட்டது. பிளாட்பாரப் பெஞ்சில் இன்னொரு பை இருந்தது. அதைக் கட்டியது நானில்லை. தூக்கிப் பார்த்தேன், கல்லைப் போட்டது போல் கனத்தது. வாயைப் பிரித்தேன். பழைய துண்டில் சுற்றிய என் அரிவாள்மணை. சாம்பார்ப் பொடி டப்பா. புளி, பருப்பு, நான் ரசம் வைக்கும் ஈயப் பாத்திரம்.

"அண்ணாச்சி வீட்டு அரிவாள்மணை ஒன் கைக்குப் பழகாதுல்லா," என்றார் இவர். "காலம்பற எந்திரிச்சு நானே எடுத்து வச்சேன். வேறொண்ணும் வேண்டாம், ஒரு ரசமும் தொவையலும் மதி."

முகத்தில் அவ்வளவு அக்கறை. எங்கே தங்கினால் என்ன, இவர் கூடவே ஓர் அடுப்பைக் கொண்டுவருவார் என்று அப்போது தெரிந்தது. வீட்டையும் சத்திரத்தையும் மாடி அறையையும் இத்தனை நாள் சீர்தூக்கிப் பார்த்த என் மடமையை நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது. மணி அடித்தார்கள். அவர் வண்டியில் ஏறி ஜன்னலோரம் எனக்கு இடம் போடப் போனார்.

நான் பையைக் கட்டிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். பிச்சம்மாள் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து சேலையைத் தழைய விட்டுக்கொண்டாள். வண்டி நகர்ந்தபோதும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினாள்.

கொல்லம் ஸ்டேஷனில்தான் இவர் குனிந்து சீட்டுக்கு அடியில் தேடினார்.

"ஏளா, பை எங்க?"

"தம்பானூர்ல."

"மறந்துட்டியா?"

"இல்ல," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, நானும் பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். வண்டி கிளம்பப் போகிறதே, கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஊதல் கேட்ட பிறகுதான் ஓடி வந்து ஏறினார். கையில் எண்ணெய் ஊறிய இலைப் பொட்டலம் இருந்தது. பிரித்து என் மடியில் வைத்தார். இரண்டு வடை.

"நீ மொதல்ல தின்னு," என்றார்.

உப்புக் கொஞ்சம் கூடுதல். யார் சுட்டதோ எனக்குத் தெரியாது. உட்கார்ந்து, ஆற அமர, இரண்டையும் நானே தின்றேன்.