இரண்டு விரல் அகலம்

தங்கையின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கையாக அண்ணன் வந்திருந்தார்.

அண்ணன் சலூன் வைத்திருப்பவர். இருபத்தாறு வருடமாக அடுத்தவன் தலையில் கை வைத்தே பிழைக்கிறேன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். தங்கைக்குப் பல் செட் செய்கிற வேலை. மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கும் அந்தக் கை, குளியலறையில் வழுக்கியதில் மணிக்கட்டோடு முறிந்துவிட்டது. மூன்று வாரத்தில் நூலகக் கூடத்தில் போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்த்த மரங்களின் கண்காட்சி. ஒன்பது வருடமாக வளர்த்த, ஜூனிப்பர் என்னும் ஊசியிலை மரத்தை அவள் முதல்முறையாக வெளியே காட்டப்போகிறாள். கிளைகளை வளைத்து நிறுத்தக் கம்பி சுற்ற ஆள் வேண்டும், நடுங்காத கை வேண்டும். அவளுக்குத் தெரிந்த நடுங்காத கை அண்ணனுடையதுதான்.

பால்கனியில் சுழல் பலகைமேல் மரம் நின்றது. முழங்கால் உயரம்தான். ஆனால் அடிமரம் முன்கைத் தடிமன். பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே போனது. யாரோ இடித்துக்கொண்டிருந்த வீட்டின் வேலியோரத்திலிருந்து அவள் தோண்டி எடுத்து வந்தது. வயது அறுபதுக்குக் குறையாது என்பது அவள் கணக்கு. இடப்பக்கம் ஒரு நீண்ட கிளை, தொட்டியின் விளிம்பையும் தாண்டிக் கீழே இறங்கி, அடுக்கடுக்காகப் பச்சை இலை மேகங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிளைக்கு வீட்டில் பெயர் மகாராணி. அதை அப்படிப் படிய வைக்கத்தான் ஒன்பது வருடமும் போனது.

"கம்பிய சாய்வா சுத்துண்ணா. முடி சுருட்டுற மாதிரி நெருக்கி சுத்தாத."

"சரி."

"நுனிய வெட்டாத! வெட்டின இடம் பழுப்பாயிடும். கத்தரிய உள்ள விட்டு, காம்போட எடுக்கணும்."

"தெரியாம பட்டுடுச்சு."

"கிராப்பு வெட்டுற கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"வேற ஆளப் பாத்துக்கோ தாயே. என் கடையில இன்னைக்கு மூணு பேர் தாடியோட திரும்பிப் போயிருப்பான்."

உள்ளேயிருந்து தங்கையின் கணவர் சிரித்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "மச்சான், பாத்து. இந்த வீட்டுல எனக்கு மூத்தது அந்த மரம்தான். அதுக்கு ஒண்ணுன்னா நமக்குச் சோறு கிடையாது."

உச்சியையும் வலப்பக்கத்தையும் முடிக்கவே மதியமாகிவிட்டது. அலுமினியக் கம்பி கிளையோடு கிளையாக ஒட்டி ஏற, சலூன்காரருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. பிறகு பலகையைத் திருப்பி மகாராணியிடம் வந்தார். பழைய இலைகளை உதிர்க்க, தலையில் எண்ணெய் தேய்ப்பதுபோல் பத்து விரலையும் மேகத்துக்குள் விட்டார்.

விரல்கள் நின்றுவிட்டன.

எடுத்து, உச்சிக்குப் போய் அங்கே தொட்டார். திரும்ப இங்கே தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை.

"என்னண்ணா, தூங்குறியா?"

"இது விக்கு" என்றார்.

"எது?"

"இந்தக் கிளை. என் கடைக்கு மருந்து சாப்பிட்டு முடி கொட்டினவங்க வருவாங்கல்ல, அவங்களுக்கு விக் வெட்டிக் குடுப்பேன். பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. நிறம், பளபளப்பு, எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா கையை விட்டா தெரிஞ்சிடும். தலையில முளைச்சது விரலை லேசா தள்ளும். இது தள்ளல. கூப்பிட்டா திரும்பிப் பாக்காத மாதிரி இருக்கு."

"பச்சைப் பசேல்னு நிக்குது, விக்காம்! போ, போய்க் காப்பி குடி. பசியில உளர்ற."

"கசக்கி மோந்து பாரு."

அவள் இடது கையால் உச்சியில் ஒரு கொழுந்தைக் கசக்கினாள். காரமான வாசனை எழுந்தது. மகாராணியில் ஒன்றைக் கசக்கினாள். பழைய பீரோவைத் திறந்த மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அடியில கீறுண்ணா. நகத்தால."

கீறினார். பட்டைக்கு அடியில் பழுப்பு. தவிட்டைத் தொட்ட மாதிரி வறட்சி.

தங்கை மோடாவில் உட்கார்ந்துவிட்டாள். "ஜூனிப்பர் செத்தா உடனே காட்டிக்காது. ரெண்டு மாசம், மூணு மாசம் பச்சையாவே நிக்கும். ரெண்டு மாசம் முன்னாடிதான் தொட்டி மாத்தினேன். ஒரு வேரு, கட்டைவிரல் தடி, புதுத் தொட்டியில மடங்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. நானே வெட்டிட்டேன்."

"ஒரு வேருக்கா இவ்வளவு?" என்றார் கணவர். எப்போது வாசலுக்கு வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"இந்த மரத்துல ஒவ்வொரு வேரும் தனக்குன்னு ஒரு கிளைக்குத்தான் தண்ணி அனுப்பும். தனித்தனி குழாய். அந்த வேரு மகாராணியோடது போல."

"அப்ப மத்தது?"

அவளுக்கும் தெரியாது. உச்சியின் வாசனைகூடக் கடைசி மிச்சமாக இருக்கலாம். மரம் முழுவதுமே இரண்டு மாதம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டு, பச்சைச் சட்டையோடு நின்றுகொண்டிருக்கலாம்.

"என் டப்பாவ எடு" என்றாள்.

பல் செதுக்கும் கருவிகள் வந்தன. கூட ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ். செத்த இடத்திலிருந்து தொடங்கி, உயிர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு இடம் இருந்தால். சலூன்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிளையின் அடியிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்ட ஆரம்பித்தார். பட்டை செதில் செதிலாக உதிர்ந்தது. பழுப்பு. இன்னும் கீழே. பழுப்பு. தட்டினால் தீப்பெட்டிச் சத்தம். அடிமரத்தின் முன்பக்கம் முழுக்க, மண்வரைக்கும் இப்படித்தான். தங்கை ஒரு தடவைகூட 'பாத்து' என்று சொல்லவில்லை. அவள் வாய் மூடியிருப்பது அவருக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதிலும் காய்ச்சல் வந்தால்தான் அவள் வாயை மூடுவாள்.

பலகையைக் கால்வாசி திருப்பினார். அங்கேயும் வறட்சி. இன்னும் கால்வாசி.

முதலில் கட்டைவிரலுக்குத்தான் தெரிந்தது. மரத்தின் பின்பக்கம், மண்ணுக்குச் சற்று மேலே, ஒரு புடைப்பு. தாத்தாமார்களின் நெற்றியோரம் சவரம் செய்யும்போது கத்தியை ஒதுக்கிப் போகவைக்கும் நரம்பு மாதிரி. மற்ற இடமெல்லாம் வெயிலில் சுட்டது. இந்த இடம் மட்டும் குளிர்ந்திருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷால் தேய்த்தார். மேல்தூசி போனதும் உள்ளேயிருந்து சிவப்பு வந்தது. நனைத்த புதுச் செங்கல்லின் சிவப்பு. உயிருள்ள பட்டை.

"மேல போ" என்றாள் தங்கை, கிட்டத்தட்டக் காற்றாக.

அந்தச் சிவப்பு இரண்டு விரல் அகலத்துக்குமேல் இல்லை. இருபுறமும் செத்த மரம். நடுவில் அது மட்டும் ஓடை மாதிரி வளைந்து ஏறியது. அவர் அதன் பின்னாலேயே போனார். மரம் முறுக்கிய பக்கமெல்லாம் அதுவும் முறுக்கியது. ஓரிடத்தில் ஒரு விரலாகச் சுருங்கி மறுபடி அகன்றது. உச்சிக்கு ஒரு சாண் கீழே ஒரு பெரிய முடிச்சு. அதில் சிவப்பு மறைந்தது. மேலே சுரண்டினார், பழுப்பு. வலப்பக்கம் சுரண்டினார், பழுப்பு. கணவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, தங்கை மாவுக்கட்டுக் கையாலேயே அவரை அடக்கினாள். முடிச்சுக்கு அடியில் பிரஷ் நுழையவில்லை. சலூன்காரர் சின்ன விரல் நுனியை விட்டுத் தடவினார். சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பைப் பிடித்துக்கொண்டே விரலைச் சுற்றிக் கொண்டுவந்தார். முடிச்சின் அந்தப் பக்கத்தில் சிவப்பு வெளியே வந்து, இரண்டாகப் பிரிந்து, ஒன்று வலக்கிளைக்கும் ஒன்று உச்சிக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சிவப்பில் ஊசிமுனையால் ஒரே ஒரு புள்ளி வைத்தார். வெளிர்பச்சையாக ஈரம் மினுங்கியது.

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சலூன்காரர் பலகையை மெதுவாகச் சுற்றினார். இவ்வளவு தடித்த மரம். அதில் பெரும்பங்கு எப்போதோ போய்விட்டது. மகாராணிக்கு முன்பே, தங்கை தோண்டி எடுப்பதற்கும் முன்பே, பட்டைக்கு உள்ளே யாருக்கும் சொல்லாமல். செத்ததைக் கீழே போடாமல் அதன்மேலேயே சாய்ந்துகொண்டு, இரண்டு விரல் அகலத்தில், இந்தக் கணமும் தண்ணீர் சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கோயிலில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை.

"இங்க தொடு" என்று தங்கையின் இடது கை விரலைப் பிடித்து வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒன்பது வருஷமா இதுக்குத் தண்ணி ஊத்துறேன். இத நான் பாத்ததே இல்லண்ணா."

கணவர் தொண்டையைச் செருமினார். "மூணு வாரம் அந்தக் கிளை பச்சையாத்தான நிக்கும்? காட்டிட்டு வந்து வெட்டினா என்ன? எவனுக்குத் தெரியப்போகுது?"

அவள் மகாராணியை நுனிவரை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இது மேல அந்த விக்க மாட்டி வச்சு எப்படிக் காட்டுறது?" என்றாள். "வெட்டுண்ணா. இலைய மட்டும். கட்டைய விடு. அப்புறம் பட்டைய உரி, செத்தது செத்ததாவே தெரியட்டும்."

இப்போது தயங்கியது அவர்தான். ஒன்பது வருடத்தின் மேகங்கள். முதல் வெட்டுக்குக் கை வர மறுத்தது. அவள் 'ம்' என்றாள். வெட்டினார். ஒவ்வொன்றாகப் பச்சை உதிர்ந்து தரையில் குவிய, அவள் எதையும் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு அந்தக் கிளையின் பட்டையை இடுக்கியால் உரித்தார். நீள நீளமாக வந்தது. உள்ளே வெள்ளை. அந்த வெள்ளையிலும் ரேகைகள், அடிமரத்தின் அதே முறுக்கில், நுனிவரைக்கும். உரிக்க உரிக்க மரம் அவர்கள் கண்ணெதிரிலேயே நூறு வருடம் மூத்துக்கொண்டு போனது. ஒரு பெரிய காற்று வீசும்போது அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"இதுக்குள்ள இதா இருந்துச்சு?" என்றார் கணவர்.

"தண்ணி தெளிண்ணா" என்றாள் தங்கை.

சலூன்காரர் தெளிப்பானால் மேலிருந்து கீழ்வரை தண்ணீர் தெளித்தார். வெள்ளைக் கட்டை மங்கிச் சாம்பல் நிறமானது. சிவப்பு மட்டும் நனைந்து, அடர்ந்து, மண்ணிலிருந்து உச்சிவரை ஒரே கோடாக எழுந்து நின்றது. மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்து, அது காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்ததும் தங்கை இன்னொரு தடவை தெளிக்கச் சொன்னாள்.