ஓப்பலுக்கும் வெர்னாவுக்கும் வந்த கடிதங்கள்

டொலீடோ நகரத்தில் இருபத்தாறு வருடம் சிட்டி பஸ் ஓட்டியவள் வெர்னா ஷிமான்ஸ்கி. காசு போடாமல் நழுவப் பார்த்தவன் எவனும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. அப்பேர்ப்பட்டவளின் இடது காலைச் சர்க்கரை நோய் முட்டிக்குக் கீழே வாங்கிக்கொண்டது. எழுபத்துநாலு வயதில் ஹாரோ க்ரீக் முதியோர் இல்லத்தின் பதினான்காம் அறையும் ஒரு சக்கர நாற்காலியும்தான் அவளுக்கு மிஞ்சின. பென்ஷன் நேராக இல்லத்தின் கணக்குக்கே போய்விடும். மீதிச் செலவை ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி கட்டும். கைச்செலவுக்கு மாதம் ஐம்பது டாலர். சாக்ஸ், ஷாம்பூ, எப்போதாவது முடிவெட்டு, அதோடு தீர்ந்தது.

அதே அறையில் இன்னொரு கட்டில் ஓப்பலுடையது. எண்பத்துமூன்று வயது, சாது. அவளுடைய காது மெஷின் பிப்ரவரியில் உடைந்தது. புதிது வாங்க அரசு உதவி அடுத்த வருடம்தான் கிடைக்கும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் கொரோனா வந்து வாசலைப் பூட்டியதும் அவள் பாடு இன்னும் மோசமாகிவிட்டது. மகன் லெஸ்டர் ஞாயிறுதோறும் எண்பது மைல் கார் ஓட்டி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று போனில் பேசுவான். அவளுக்கு ஒன்றும் கேட்காது. அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டுவான். கண்ணும் மங்கல். வெர்னாதான் அதைப் படித்து அவள் காதுக்குள் கத்துவாள்.

"தக்காளிச் செடி காய்ச்சிருக்காம்."

"யாருக்குக் காய்ச்சல்?"

"செடிக்கு. நீ சிரி, போதும்."

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், உதவியாள் யோலண்டா இரண்டு உறைகளைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் வரி அலுவலகத்திலிருந்து வந்தவை. ஒன்று வெர்னாவுக்கு, ஒன்று ஓப்பலுக்கு. வெர்னா பூதக்கண்ணாடியை எடுத்துத் தன்னுடையதைப் படித்தாள். தேசம் இந்தச் சோதனையைத் தாண்டும் என்று முதலில் இரண்டு பத்தி. அதற்குக் கீழே, நிவாரணத் தொகையாக ஆயிரத்து இருநூறு டாலர் உங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று ஒரு வரி. ஓப்பலின் கடிதத்திலும் அதே வரி.

"யோலண்டா, இந்தப் பணம் உனக்கு வந்துச்சா?"

"ஏப்ரல்லயே வந்துச்சே, மிஸ் வெர்னா. காருக்கு நாலு டயர் மாத்தினேன்."

"எனக்கு ஒரு டயரும் மாறலையே" என்றாள் வெர்னா, தன் நாற்காலிச் சக்கரத்தைத் தட்டி.

மறுநாள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஆபீஸ் அறை வாசலில் போய் நின்றாள். கணக்கைப் பார்க்கும் கிரெய்க் ஹால்டன் நாற்பது வயது ஆள், பேச்சில் தேன் வடியும்.

"ஓ, அதுவா. உங்க பென்ஷன் வர்ற வழியிலயே அதுவும் இங்க வந்துடுச்சு. பராமரிப்புக் கணக்குல வரவு வெச்சாச்சு."

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான், மிஸ் வெர்னா. உங்க பேர்ல ரெண்டாயிரத்துக்கு மேல இருந்தா அரசு உதவி நின்னுடும்."

"என் பேர்ல முப்பத்தோரு டாலர் கிடக்கு. அதோட ஆயிரத்து இருநூறைக் கூட்டினா ரெண்டாயிரம் வருதா? நான் படிச்ச பள்ளிக்கூடத்துல வராது."

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "சட்டம் ரொம்பச் சிக்கல். இந்தக் கடிதமெல்லாம் சும்மா தகவலுக்கு வர்றது. குடுங்க, நானே ஃபைல்ல வெச்சுடறேன்."

கையை நீட்டினான். வெர்னா அந்த நீட்டிய கையைப் பார்த்தாள். கடிதத்தை மடித்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"இதை எடுக்கணும்னா நீ என்னைத் தூக்கணும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதைக் கூப்பிட்டாள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. தட்டில் சாப்பாடு ஆறிக் கல்லானது. கடைசியில் ஓர் ஆள் பேசினான். வீட்டிலிருந்து வேலை செய்கிறான் போலிருக்கிறது, பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. வெர்னா கடிதத்தை வரிவரியாக அவனுக்குப் படித்துக் காட்டினாள்.

"அது வருமானமே இல்லைம்மா. வரிச் சலுகையை முன்கூட்டியே குடுத்திருக்காங்க. ஒரு வருஷம் வரைக்கும் அதைச் சொத்துக் கணக்குலயும் சேர்க்கக் கூடாது."

"இல்லத்துக்காரன் எடுத்துக்கலாமா?"

"கூடாது. அது உங்க பணம்."

"மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன். உங்க பேரும் ஊழியர் எண்ணும் சொல்லுங்க."

எழுதி முடித்ததும் ஓப்பலின் காதருகே குனிந்து கத்தினாள். "உனக்குப் பணம் வந்திருக்கு. கிரெய்க் அமுக்கி வெச்சிருக்கான்."

ஓப்பல் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப காது வாங்கலாமா?" என்று கேட்டாள்.

"வாங்கலாம்."

இவர்கள் இருவரோடு இது நிற்காது என்று வெர்னாவுக்குத் தெரியும். ஆனால் மற்ற அறைகளுக்குப் போகத் தடை. வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரையும் அவரவர் வாசலில் உட்கார வைத்து, நடைக்கு நடுவில் ஒருத்தி நின்று பிங்கோ விளையாட்டுக்கு எண் கூப்பிடுவாள். அந்த வெள்ளி அவள் வாய் திறக்கும் முன் வெர்னா பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற அந்தப் பழைய குரலை எடுத்தாள்.

"வரி அலுவலகத்துலருந்து யாருக்கெல்லாம் கடிதம் வந்திருக்கு? கையைத் தூக்குங்க. தூக்கிப் போட்டவங்களும் தூக்குங்க."

ஒவ்வொரு கையாக எழுந்தது. விளம்பரம் என்று குப்பையில் போட்டவர்கள் பலர். பைபிளுக்குள்ளும் தலையணைக்கடியிலும் வைத்திருந்தவர்கள் ஒன்பது பேர், வெர்னாவும் ஓப்பலும் உட்பட. அந்த ஒன்பதில் ஒருவர் கையிலும் பணம் வந்து சேரவில்லை.

யோலண்டா அந்த ஒன்பதையும் தன் போனில் படம் பிடித்தாள். பிடித்தபடியே கேட்டாள். "என் வேலை போயிடுமா, மிஸ் வெர்னா?"

"போகாதுன்னு பொய் சொல்லமாட்டேன்."

"எங்கம்மாவும் இந்த மாதிரி ஒரு இடத்துலதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தை நிமிர்த்திப் பிடித்தாள். முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் மாநில அலுவலகத்துக்குப் படங்கள் அன்றே போய்ச் சேர்ந்தன. விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. விசாரித்தார்கள், விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஜூலை நடுவில் நோய் இல்லத்துக்குள் நுழைந்தது. பத்தொன்பதாம் தேதி ஓப்பலுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் லெஸ்டர் போன் செய்தான்.

"அம்மா போயிட்டாங்க, வெர்னா. நர்ஸ் போனை அவங்க காதுல வெச்சுப் பிடிச்சாங்களாம். நான் பேசினேன். என்னென்னவோ பேசினேன். கேட்டிருக்குமா?"

வெர்னா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். கேட்டிருக்காது. அது அவனுக்கும் தெரியும். போனை வைத்த பிறகு எதிர்க் கட்டிலின் காலி மெத்தையைப் பார்த்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வந்தது ஆத்திரம்தான். ஏப்ரலில் பணம் வந்தது, மே மாதம் மெஷின் வந்திருக்கும். அந்த மனுஷி மகன் குரலைக் கேட்டபடி கண்ணை மூடியிருப்பாள். கையில் கிடைத்த தண்ணீர்க் குவளையைக் கதவில் விட்டெறிந்தாள். பிளாஸ்டிக் குவளை, உடையக்கூட இல்லை. மறுபடி போனை எடுத்து மாநில அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் உத்தரவு வந்தது, கடிதம் காட்டியவர்களின் பணத்தைத் திருப்பிக் கொடு என்று. கிரெய்க் ஒரு காரியம் செய்தான். நடையில் பலூன் கட்டி, கேமராவோடு ஒரு பெண்ணை நிறுத்தி, ஒவ்வொரு வாசலிலும் செக்கும் ஒரு தாளும் நீட்டினான். 'இல்லம் வழங்கிய நிவாரணத் தொகையை நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று தாளில் அச்சடித்திருந்தது.

வெர்னா பேனாவை வாங்கி அந்த வரியை அழுத்தி அடித்தாள். கீழே தானே எழுதி நடை முழுக்கக் கேட்கும்படி படித்தாள். "இல்லம் என்னைக் கேட்காமல் எடுத்த என் பணம், நாலரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது."

எதிர் அறைக் கிழவர், "'எடுத்த'ன்னதுக்கு அடுத்து என்ன? இன்னொரு தடவை சொல்லு" என்றார். வெர்னா சொன்னாள். ஏழு பேரும் அதையே எழுதினார்கள். எழுத வராத ஒருவருக்கு யோலண்டா எழுதிக் கொடுத்தாள், அவர் கைநாட்டு வைத்தார்.

"மீதி ரெண்டு?" என்றாள் வெர்னா, கிரெய்க்கைப் பார்த்து.

"அவங்க ரெண்டு பேரும் காலமாயிட்டாங்களே. கணக்கு முடிச்சாச்சு."

வெர்னா அன்று மாலையே லெஸ்டரைக் கூப்பிட்டாள்.

"இனிமே அந்தப் பணம் எதுக்கு, வெர்னா" என்றான் அவன்.

"உனக்கு வேண்டாம்னா ஆத்துல போடு. அவன்கிட்ட இருக்கக் கூடாது. பென்சில் எடு, யாருக்கு எழுதணும்னு சொல்றேன்."

எழுதினான். இறந்துபோன இன்னொருவரின் மகளுக்கும் வெர்னா விஷயத்தைச் சொல்லி எழுதவைத்தாள். இரண்டு பேருடைய பணமும் அக்டோபரில் வந்து சேர்ந்தது. லெஸ்டர் தன் செக்கை வங்கியில் போட மனம் வராமல் காரிலேயே வைத்திருந்ததாகச் சொன்னான்.

யோலண்டாவின் வேலை நேரத்தைப் பாதியாக வெட்டினார்கள். அவள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள். கிரெய்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனவரிக் குளிரில், டேட்டனில் இதைவிடப் பெரிய இல்லம் ஒன்றுக்கு மேலாளராகப் போனான். இங்கே அவனுக்குக் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு வெர்னாவின் தட்டிலும் வந்தது. அவள் அதைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டு, டேட்டனில் அந்த இல்லத்தின் எண்ணை விசாரித்து வாங்கினாள்.

போனை எடுத்தவள் வரவேற்பில் இருக்கும் ஒரு சின்னப் பெண்.

"உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இங்க இருக்காங்களா, மேடம்?"

"இல்ல. அங்க இருக்கறவங்கள்ல கடிதம் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும், கோபக்காரரா இருந்தா நல்லது. நான் காத்திருக்கேன், அவசரமில்ல" என்றாள் வெர்னா.